மார்பில் போட்ட ஜெல் ஊசி: எனக்கு நடந்தது

போன டிசம்பரில் திண்டுக்கல்லில் அம்மா வீட்டில் இருந்தேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சித்தி மகனின் மனைவி மெதுவாகப் பக்கத்தில் வந்து போனை நீட்டினாள். ஏதோ ஒரு அழகு நிலையத்தின் விளம்பரம். "அண்ணி, ஆபரேஷனே கிடையாதாம். ஃபில்லர் ஊசியாம். ஒரு மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடலாமாம். ஜப்பான்ல எல்லாம் இது சகஜம்தானே?"

அவளுக்கு முப்பது வயது. இரண்டாவது குழந்தைக்கு அப்போதுதான் பால் மறக்கடித்திருந்தாள். அவள் கேட்டது ஜெல்லை உள்ளே ஏற்றி மார்பகத்தைப் பெரிதாக்கும் ஊசியைப் பற்றி. நான் அவளைக் கீழே அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, இடது மார்புக்கு அடியில் இருக்கும் தழும்பைக் காட்டினேன். அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த மாதிரி விளம்பரம் அவள் ஒருத்தியின் போனில் மட்டும் வந்திருக்காது.

நானும் கணவரும் 2012 முடிவில் டோக்கியோவுக்குப் போனோம். அவருக்கு மென்பொருள் வேலை. இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் நிஷிகசாயில் வீடு. 2013-இல் மகன் பிறந்தான். ஒன்றரை வருடம் பால் கொடுத்தேன். அதன் பிறகு மார்பு வற்றிப்போய், தோல் மட்டும் தொங்குவதுபோல் ஆகிவிட்டது. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் குளியலறைக் கண்ணாடி முன்னால் நிற்கப் பிடிக்கவில்லை. இந்த ஆசையை அற்பம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் உடம்பு பழையபடி இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

டோக்கியோ ரயில் பெட்டிகளில் தலைக்கு மேலே அழகு கிளினிக் விளம்பரங்கள் வரிசையாக இருக்கும். 'புச்சி ஹோக்யோ' என்பார்கள். கத்தி வைக்காமல் சின்னதாக மார்பைப் பெரிதாக்குவது என்று பொருள். அப்படி ஒரு கிளினிக்குக்குத்தான் போனேன். ஆலோசகர் ஒரு பெண், இனிமையாகப் பேசினாள். ஐரோப்பாவில் தயாரான ஜெல், அதில் 98 விழுக்காடு உப்புநீர், மீதி 2 விழுக்காடு மட்டும் வேறு பொருள் என்றாள். சில வருடங்களில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்றும் சொன்னாள். 98 விழுக்காடு தண்ணீர் என்றதும் என் பயம் போய்விட்டது. அந்த 2 விழுக்காடு என்ன என்று நான் கேட்கவில்லை.

கடற்பாசி காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு கைப்பிடிப் பாசி ஒரு பாத்திரத் தண்ணீரையே இறுக்கிவிடும். இந்த ஜெல்லும் அப்படித்தான். மிகச் சிறிய அளவு பிளாஸ்டிக் வலை தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தண்ணீரை உடம்பு எடுத்துக்கொள்ளும், வலையை என்ன செய்யும்? எனக்குப் போட்ட வகை ஜெல்லில் அந்த 2 விழுக்காட்டுக்குக் கிளினிக்குகள் வேறு ஏதோ பெயர் சொல்லிக்கொண்டிருந்தன. அது பாலிஅக்ரிலமைடு என்ற பிளாஸ்டிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று பின்னால் வேதியியல் ஆய்வுகள் காட்டின. பாலிஅக்ரிலமைடு ஜெல்லை மார்பில் போட 1997-இல் அனுமதி கொடுத்த சீனா, கட்டி, வலி, தொற்று என்று பெண்கள் வரிசையாக மருத்துவமனைக்கு வந்ததைப் பார்த்து 2006-இல் அதைத் தடை செய்தது. நான் ஊசி போட்டுக்கொண்டது 2016-இல். பத்து வருடம் முன்பே ஒரு பெரிய நாடு கைவிட்டதன் நெருங்கிய சொந்தத்தை, புதுக் கண்டுபிடிப்பு என்று நம்பிப் போட்டுக்கொண்டேன்.

அன்று நடந்ததில் சொல்ல அதிகம் இல்லை. மார்பின் அடி மடிப்பில் மரத்துப்போக ஊசி, சின்னதாக ஒரு துளை, அதன் வழியே மழுங்கிய முனையுள்ள நீளமான ஊசிக்குழாய். பக்கத்துக்கு 100 மில்லி. முகத்தில் போடும் ஃபில்லர் பெரும்பாலும் 1 மில்லி சிரிஞ்சில்தான் வரும். அந்த வித்தியாசத்தை நினைத்துப் பார்த்தாலே இரண்டும் ஒரே விஷயம் இல்லை என்று புரியும். எனக்கு அன்று அது தோன்றவில்லை. மதியம் முடிந்து, ரயில் ஏறி, மாலையில் மகனைக் காப்பகத்திலிருந்து கூட்டிவந்து தோசை வார்த்தேன்.

முதல் இரண்டு வருடம் சந்தோஷமாக இருந்தேன். இதை மறைத்துச் சொன்னால் மீதியையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஜாக்கெட் சரியாக உட்கார்ந்தது. புடவை கட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். நெட்டில் நல்லபடியாகப் பேசும் பெண்களில் பலர் இந்தக் காலகட்டத்தில் இருப்பவர்களாக இருக்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை, நானும் அன்று கேட்டால் அதைத்தான் சொல்லியிருப்பேன். இந்த வகை ஜெல்லில் தொந்தரவு பல மாதம், பல வருடம் கழித்தும் வருகிறது என்பதுதான் சிக்கல்.

2018-இல் மறுபடி கர்ப்பமானேன். கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டேன். ஜெல் பால் சுரப்பிக்குப் பின்னால்தான் இருக்கிறது, தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்றார்கள். 2019 பிப்ரவரியில் மகள் பிறந்தாள். பேறுகாலம் பார்க்க அம்மா வந்திருந்தார். ஐந்தாவது வாரம் இடது மார்பு கல்லாகக் கெட்டிப்பட்டது.

"பால் கட்டிக்கிச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார், பிழிந்துவிட்டார். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு மருத்துவச்சியிடம் போனோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுக்காமலே, மார்பில் எப்போதாவது ஏதாவது சிகிச்சை செய்திருக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார். அம்மாவுக்கு ஜப்பானிய மொழி ஒரு வார்த்தை தெரியாது. அப்படியும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டேன். பால்கட்டு என்றே எடுத்துக்கொண்டு ஐந்து நாள் அமுக்கிப் பிழிந்தோம். அந்த ஐந்து நாள்தான் என்னைக் கெடுத்தது.

ஆறாம் நாள் காய்ச்சல் 39.4 டிகிரி செல்சியஸ். மார்பு சிவந்து பளபளவென்று ஆகிவிட்டது. பெரிய மருத்துவமனை ஒன்றின் மார்பகப் பிரிவுக்கு டாக்ஸியில் போனோம். அங்கே இருந்த அறுவை சிகிச்சை மருத்துவர் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். ஸ்கேன் கருவியை வைத்த அரை நிமிடத்தில் திரையை என் பக்கம் திருப்பினார். "இது பால் மட்டும் இல்லை. உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள்?" அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. மூன்று கேள்வி கேட்டார். பொருளின் பெயர் என்ன, எத்தனை மில்லி, எந்த அடுக்கில் போட்டார்கள். எனக்கு நடுவில் உள்ளதற்கு மட்டும்தான் பதில் தெரியும். கையெழுத்துப் போட்ட தாளில் எனக்கு ஒரு பிரதிகூடத் தரவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. கணவர் அந்தக் கிளினிக்குக்குப் போன் செய்தார். அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை.

என்ன நடந்தது என்று அந்த டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான பாடம் அதுதான். சிலிகான் இம்ப்ளான்ட் என்றால் அதற்கு ஒரு பை உண்டு. வைத்த இடத்தில் இருக்கும், வேண்டாம் என்றால் பையோடு எடுக்கலாம். ஜெல்லுக்குப் பை இல்லை. உடம்பு அதைச் சுற்றி மெல்லிய சவ்வு கட்டப் பார்க்கும், ஆனால் அது எல்லா இடத்திலும் முழுமையாக அமைவதில்லை. கையைத் தூக்கும்போது, ஒருக்களித்துப் படுக்கும்போது, யாராவது அமுக்கும்போது அழுத்தம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் ஜெல் நகர்கிறது. எனக்கு எம்ஆர்ஐயில் பார்த்தபோது மார்புத் தசைக்குள்ளே, அக்குள் பக்கம், மார்பு மடிப்பைத் தாண்டி மேல்வயிறு வரை போயிருந்தது.

தொற்றுக்கும் காரணம் இருக்கிறது. ஜெல்லுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அதனால் வெள்ளை அணுவும் உள்ளே எளிதில் போகாது, ரத்தத்தில் ஏற்றும் ஆன்டிபயாடிக்கும் சரியாகப் போய்ச் சேராது. ஒரு கிருமி உள்ளே நுழைந்துவிட்டால் அதற்கு அது பாதுகாப்பான வீடு. பால் நாளங்கள் முலைக்காம்பின் தோலிலிருந்து உள்ளே வரை போகின்றன. பாலும் ஜெல்லும் ஒரே பொந்தில் கலந்துவிட்டால் கிருமிக்குச் சாப்பாடும் கிடைத்துவிடுகிறது. இந்த ஜெல் போட்ட பெண்களுக்குப் பால் கொடுக்கும் காலத்தில் இப்படி ஆவது மருத்துவ இதழ்களில் ஏற்கெனவே பதிவான விஷயம் என்றார். அதைக் கேட்டபோது மகள் காத்திருப்பு அறையில் அம்மா மடியில் பசித்து அழுதுகொண்டிருந்தாள்.

அன்றே மார்பின் அடியில் கீறி, உப்புநீரால் கழுவி, குழாய் வைத்தார்கள். சீழும் பாலும் ஜெல்லும் கலந்து வந்தது. வலது பக்கமும் அதே ஜெல் இருந்ததால் பால் கொடுப்பதை முழுக்க நிறுத்தச் சொன்னார். பாலை வற்ற வைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அம்மாவுக்கு மாத்திரையில் நம்பிக்கை இல்லை. எங்கள் ஊரில் பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். "ரெண்டு முழம் பூ கிடைக்காத ஊருல வந்து இருக்கீங்களே" என்று அழுதார். அப்போதும் அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. பால் கட்டிச் சீழ் வைத்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தார். ஏழு வாரக் குழந்தை புட்டிக்கு மாறினாள்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது அறுவை. இரண்டு பக்கமும், முழு மயக்கத்தில், எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுத்தார்கள். முழுதும் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். தசைக்குள் ஊறிப்போனதை எடுக்க வேண்டுமானால் தசையையே எடுக்க வேண்டும், அதனால் கொஞ்சம் விட்டிருக்கிறேன் என்றார். கத்தியே இல்லை என்று தொடங்கியது இரண்டு அறுவையில், உள்ளே கொஞ்சம் பாக்கியோடு முடிந்தது. வலது பக்கத்தில் கெட்டியாக இருந்த ஒரு உருண்டையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். படத்தைப் பார்த்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தார்கள். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிரானுலோமா என்று வந்தது. வெளிப்பொருளைச் சுற்றி உடம்பு கட்டும் கட்டி, புற்று இல்லை.

நான் படுத்திருந்த 2019 ஏப்ரலில்தான் ஜப்பானின் அழகு அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து, உடம்பில் கரையாத ஃபில்லரை மார்பில் போடவே கூடாது என்று அறிவித்தன. டாக்டர்தான் அந்தத் தாளைக் காட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு, இரவில் தூக்கம் வராத நேரத்தில் நானே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. 1899 வாக்கில் வியன்னாவில் கெர்சுனி என்ற மருத்துவர் பாரஃபின் மெழுகை உடம்பில் ஊசியாகப் போட ஆரம்பித்தார். மெழுகு நகர்ந்தது, கட்டியானது. போருக்குப் பிறகு ஜப்பானிலேயே பெண்களின் மார்பில் பாரஃபினும் திரவ சிலிகானும் ஏற்றினார்கள். அதனால் வந்த நோய்களைப் பற்றி 1964-லேயே ஜப்பானிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் பாலிஅக்ரிலமைடு.

ஃபில்லராகப் போடும் இன்னொரு பொருளான ஹயலூரோனிக் அமிலம் பாதுகாப்பானது, கரைந்துவிடும் என்று இப்போது சொல்கிறார்கள். அதையும் மார்பில் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஸ்வீடனில் தயாரான மேக்ரோலேன் என்ற ஹயலூரோனிக் ஜெல் ஐரோப்பாவில் மார்பகத்துக்கு விற்கப்பட்டது. மார்பகப் படத்தில் அது புற்றை மறைக்கலாம், படத்தைச் சரியாகப் படிக்க முடியாது என்ற கவலையால் 2011-இல் பிரான்ஸ் அந்தப் பயன்பாட்டை நிறுத்தியது. 2012-இல் தயாரிப்பாளரே மார்பகத்துக்கு அதை விற்பதைக் கைவிட்டார். கரையும் ஜெல்லுக்கே இந்தக் கதி. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இன்றுவரை எந்த ஃபில்லரையும் மார்பகத்தைப் பெரிதாக்க அனுமதித்ததில்லை. 'அனுமதி பெற்ற ஃபில்லர்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் எந்த இடத்துக்கு அனுமதி என்று கேளுங்கள். பெரும்பாலும் முகத்துக்கு, அதுவும் சில இடங்களுக்கு மட்டும்தான் இருக்கும்.

இதைத்தான் திண்டுக்கல்லில் அந்தப் பெண்ணிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கேட்டாள், "அப்ப டாக்டரே போட்டாலும் தப்பா அண்ணி?" எனக்குப் போட்டவரும் டாக்டர்தான் என்றேன். ஆனால் அழகு நிலையத்தில் போடுவது அதைவிடப் பல மடங்கு மோசம். அங்கே சிரிஞ்சில் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். திரவ சிலிகானாக இருந்து, அது ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் நேரே நுரையீரலை அடைக்கும், உயிரே போகும். உலகத்தில் பல இடங்களில் போயிருக்கிறது. உடம்பை வடிவமாக்க சிலிகான் ஊசி போடாதீர்கள் என்று எஃப்டிஏ 2017-இல் தனியாகவே எச்சரித்தது. எந்த ஊசி போட்ட பிறகும் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பார்வை மங்கல் வந்தால் போட்ட இடத்துக்கே திரும்பிப் போய் நிற்கக் கூடாது. நேராக அவசரப் பிரிவு.

"அப்ப வேற வழியே இல்லையா?" என்றாள். இருக்கிறது. உண்மையிலேயே வேண்டும் என்று மனதில் உறுதியாக இருந்தால், எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்த மருத்துவரிடம் போய் முறையான அறுவையைப் பற்றிப் பேசு என்றேன். அவர் பெயர் மருத்துவக் கவுன்சில் பதிவில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். இம்ப்ளான்டும் ஆயுசுக்கும் நிற்காது, ஒரு நாள் மாற்ற வேண்டியோ எடுக்க வேண்டியோ வரும். ஆனால் அதற்குப் பெயர் உண்டு, எண் உண்டு, அட்டை உண்டு, என்ன தப்பு நடக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவார்கள். சொந்தக் கொழுப்பை எடுத்து மார்பில் போடுவதும் இருக்கிறது. அதையும் சில இடங்களில் 'ஊசிதான்' என்று விற்கிறார்கள். கொழுப்பை உறிஞ்சி எடுப்பதே ஒரு அறுவை. போட்டதில் ஒரு பகுதி கரைந்துபோகும், சில இடத்தில் எண்ணெய்க் கட்டியோ சுண்ணாம்புப் படிவோ உண்டாகும். இவ்வளவு இருந்தாலும் ஜெல்லையும் இதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

எடுத்த எடுப்பில் அறுவைக்கும் அவசரப்பட வேண்டாம் என்றேன். பால் மறக்கடித்த பிறகு மார்பு சுருங்குவது உடனே நின்றுவிடாது. பல மாதம் கழித்துக் கொஞ்சம் தேறும், எல்லாருக்கும் இல்லை, ஆனால் பலருக்கு.  அளவு பார்த்து வாங்கிய நல்ல பிரா எனக்கு இப்போது செய்யும் வேலையை அன்றே செய்திருக்கும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் இதைப் படித்தால் பயந்து நாளைக்கே எடுக்க ஓட வேண்டாம். தொந்தரவு இல்லாவிட்டாலும் ஒரு முறை மார்பக அறுவை மருத்துவரைப் பார்த்து அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுத்து, ஜெல் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது மாறினால் ஒப்பிட அதுதான் இருக்கும். போட்ட இடத்தில் பொருளின் பெயர், தொகுதி எண், அளவு, தேதி எழுதி வாங்குங்கள், அவர்கள் கடையை மூடுவதற்குள். ஹயலூரோனிக் அமிலம் என்றால் அதைக் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. பாலிஅக்ரிலமைடையும் சிலிகானையும் கரைக்க எந்த மருந்தும் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கட்டி தட்டுப்பட்டால் யாரையும் அமுக்கவோ மசாஜ் செய்யவோ விடாதீர்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மருத்துவர் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ இருந்தால் வெளியே போகச் சொல்லிவிட்டாவது சொல்லுங்கள்.

2023-இல் எனக்கு நாற்பது ஆனது. ஜப்பானில் நாற்பது வயது முதல் பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். எனக்கும் சீட்டு வந்தது. பரிசோதனை மையத்தில் கொடுத்த படிவத்தில் மார்பைப் பெரிதாக்கியது உண்டா என்று ஒரு கேள்வி. ஆம் என்று குறித்தேன். அங்கிருந்த பெண் ஊழியர் மரியாதையாக எழுந்து நின்று, உங்களுக்கு இங்கே எடுக்க முடியாது, மன்னிக்கவும் என்றார். மிச்ச ஜெல் படத்தை மறைக்கும், அழுத்தினால் நகரவும் கூடும். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். என் பெரியம்மா மார்பகப் புற்றில் இறந்தவர். வேண்டிய பரிசோதனை வேண்டிய நேரத்தில் எனக்கு எளிதாகக் கிடைக்காது என்பதை அந்த வாசலில்தான் முழுசாக உணர்ந்தேன். இப்போது வருடம் ஒருமுறை அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயும், என் சொந்தச் செலவில்.

சித்தி மருமகள் அந்த விளம்பரத்தை என் முன்னாலேயே போனிலிருந்து அழித்தாள். அன்று இரவு அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பிழிஞ்சிருக்க மாட்டேனே" என்றார். என் கைப்பையில் எப்போதும் ஒரு சீட்டு இருக்கும். என்ன போட்டது, எப்போது எடுத்தது, எங்கே மிச்சம் இருக்கிறது என்று ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதியது. ஊருக்கு வந்திருக்கும்போது எனக்கு ஏதாவது ஆனால் டாக்டரிடம் காட்ட, அதையே தமிழில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். பீரோவில் ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறார்.